கிழமை முளைக்குமா?

அப்பாவிடம் அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நூற்று முப்பது வருடத்துக்கும் முந்தைய கொலை வழக்கு. அதன் கோப்பை எங்கோ தேடிப் பிடித்து, நகலெடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"ரூபினி, நீதான் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருக்கியே. முழுசா தமிழ்ல போட்டுக் கொடும்மா. குடும்பப் புத்தகத்துல வரணும்."

சனிக்கிழமை காலை பிறை நகரத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டுமாம். அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும் விருந்தில் வெளியீடாம்.

புத்தகத்தின் நாயகன் அப்பாவுடைய கொள்ளுத்தாத்தா நல்லமுத்து. 1889 ஜூலையில், நிபோங் திபால் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில், வியாழக்கிழமை விடியும்போது, கூலிகளை மேய்த்த கங்காணி வெட்டுப்பட்டுக் கிடந்தார். அன்று மதியமே நல்லமுத்துவைப் பிடித்துப் போனார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன காத்தாயி என்ற பெண்தான், பொய் சொன்னதாகச் சிறைக்குப் போனாள். எங்கள் வீட்டில் புளுகும் பிள்ளைக்கு இன்றும் பெயர் காத்தாயி. நானே சின்ன வயதில் அந்தப் பெயரை நிறைய வாங்கியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அவளுடைய வாக்குமூலத்தோடு உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம்தான். வாய்க்காலில் நல்லமுத்து வேட்டியையும் வெட்டுக்கத்தியையும் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். ‘யாரிடமும் சொல்லாதே அக்கா’ என்றானாம். எப்போது பார்த்தாய் என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதிலில்தான் ஆங்கிலம் உதைத்தது. உள்ளதை உள்ளபடி தமிழில் எழுதினால், ‘வெள்ளிக்கிழமை முளைக்கும்போது.’

நீதிபதி அதை வெள்ளிக்கிழமை விடியற்காலை என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நல்லமுத்து போலீஸ் காவலில் இருந்தார். வாய்க்காலுக்கு எப்படிப் போவார்? ஆகவே காத்தாயி பொய்க்காரி. ஆறு மாதம் சிறை.

கிழமை எங்கேயாவது முளைக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ‘வெள்ளி முளைக்கையில’ என்றுதான் சொல்லியிருப்பாள். விடியுமுன் கிழக்கே ஏறும் வெள்ளியைச் சொன்னாள். மணிக்கூண்டையா பார்த்துச் சொல்வாள்? அன்றைய மொழிபெயர்ப்பாளர் யாரோ, கோப்பில் பெயர் அழிந்துபோயிருந்தது. தமிழ் அரைகுறை போலிருக்கிறது. இங்கே காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர்; நல்லவேளை, காசு என்று எழுதாமல் விட்டார்.

எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். வானத்தைக் காட்டும் ஆப்பில் 1889 ஜூலையைப் போட்டுப் பார்த்தேன். சூரியனுக்கு மூன்று மணி நேரம் முன்னால் வெள்ளி ஏறியிருக்கிறது. அப்படியானால் அவள் கிழமையே சொல்லவில்லை; பார்த்தது வியாழக்கிழமை, கங்காணி செத்த அதே இருட்டில். நான் இருபது வருடத்தில் எத்தனை பேருடைய வார்த்தையை இப்படிக் கெடுத்தேனோ என்ற பயம் வந்தது.

அப்பா ஒன்பதரைக்கு வந்தார், கையில் புத்தகத்தின் ப்ரூஃப்.

"முடிஞ்சிச்சா? பிரிண்டர் காத்துக்கிட்டு இருக்கான் லா."

"உட்காருங்கப்பா. காத்தாயி பொய் சொல்லல."

விளக்கிச் சொன்னேன். முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டாம் தடவை சொல்ல வைத்தார்.

"ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு அவர கொலகாரன் ஆக்குறியா?"

"அந்த ஒரு வார்த்தைய வச்சித்தான்பா அவள உள்ள தள்ளுனாங்க."

"அந்தக் கங்காணி என்ன யோக்கியனா? லயத்து வீடுங்கள்ல ஒரு பொம்பளைய நிம்மதியா இருக்க விட்டானா?"

"இருக்கலாம்பா. அது அவனோட கேஸ். இப்ப பேசுறது காத்தாயி கேஸ்."

அப்பா ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"அன்னைக்கு அந்தக் கோர்ட்டுல நீ நின்னிருந்தா அவர தூக்குல போட்டிருப்பாங்க. அப்ப அவருக்குக் கல்யாணமே ஆகல. நானும் இல்ல, நீயும் இல்ல. தெரியுமா?"

தெரியும். காலையிலிருந்து என்னை உட்கார விடாததே அதுதான். யாரோ ஒருவர் என் வேலையை ஒழுங்காகச் செய்யாததால்தான் நான் பிறந்திருக்கிறேன். நல்லமுத்துவைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள், அப்பா. அதற்காக உள்ளே இருந்தாள். இதை வாய்விட்டே சொன்னேன்.

அவர் ப்ரூஃபைப் பிரித்து மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: ‘பொய்ச்சாட்சி காத்தாயி சுமத்திய பொய்க் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான உத்தமர்.’

பேனாவை எடுத்து முதல் ‘பொய்’யை அடித்தார். சாட்சி காத்தாயி என்று ஆனது. இரண்டாவது ‘பொய்’யின் மேல் பேனா நின்றது.

"இதையுமா?"

ஊரார் வாக்குமூலத்தையெல்லாம் தடுமாறாமல் சொல்லும் எனக்கு ஓர் ஆமாம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"நீயே அடிச்சிடு. எனக்குக் கை வரல."

வாங்கி அடித்தேன். அடுத்த வார்த்தைக்குப் பேனா நகர்ந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உத்தமர் மட்டும் இருக்கட்டும்மா."

எழுபத்தைந்து வயதில் அப்பா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. விட்டுவிட்டேன்.