ஆடாகக் கத்திய அக்தோஷ்

கொச்கோர் என்ற மலையடி ஊரில், ஆடு மேய்க்கும் துர்தகுனின் பெண் நாய் அக்தோஷ், விருந்தில் மிஞ்சிய ஆட்டுக் கணுக்கால் எலும்பை முழுதாக விழுங்கிய மறுநாள், செம்மறி போலக் கத்தத் தொடங்கியது. அதே வாரம் உருளைக்கிழங்கு விலையும் ஏறியதால் ஊர் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது. துர்தகுனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மேய்ச்சல் மலையில் ஓநாய் வந்தால் சட்டைக் கையைக் கவ்வி இழுத்து அவரை எழுப்புவது அக்தோஷ்தான். அது இல்லாமல் அவரைக் கோடையில் மலைக்கு அனுப்ப மனைவி கலிச்சாவுக்குத் துணிச்சல் கிடையாது. நாயோ குடித்த தண்ணீரைக்கூடக் கக்கிவிட்டுச் சுருண்டு கிடந்தது.

கால்நடை மருத்துவர் புருல் எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்பு குடலை அடைத்திருந்தது. அதைச் சுற்றிச் சுருண்டிருந்த நிழலைப் படத்தின் கோளாறு என்று தள்ளிவிட்டார். "நாளைக்கு அறுத்து எடுத்துடலாம். ராத்திரிலேர்ந்து வாயில எதுவும் போடக் கூடாது. மயக்கத்துல கக்கினா நுரையீரலுக்குள்ள போயிடும்" என்றார். கலிச்சா பலமாகத் தலையாட்டினார். காலையில் நாயின் மூக்கில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ஒரு வாய்தாம்மா. வாசல் தாண்டறவங்க ரொட்டி தொடாமப் போனா திரும்பி வருவாங்களா?" என்று ஊர் வழக்கத்தைச் சொன்னார் கலிச்சா.

"அக்கா, தொட்டாத்தான் இது திரும்பி வராது!"

புருல் நாய்க்கு ஊசி வழியே நீர் ஏற்றி, படித்துப் படித்துச் சொல்லி, திருப்பி அனுப்பினார். மறுநாளும் ரொட்டி. "நேத்து வெறும் ரொட்டின்னு கோவிச்சுக்கிட்டியே, இன்னிக்கு வெண்ணெய் தடவியிருக்கேன்" என்றார் கலிச்சா. புருல் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தார். நாயின் குரல் கேட்டுப் பின்னாலேயே வந்த துர்தகுனின் மந்தை, மருத்துவமனை முற்றத்தில் இருந்த ஒரே ரோஜாச் செடியையும் மேய்ந்து முடித்திருந்தது. எரிச்சல்பட்டே ஒருத்தர் சாக முடியுமென்றால் புருல் அன்றைக்கே செத்திருப்பார். நாய்க்கு இன்னொரு நாள் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், நாய்க்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டார். "நாய் எங்கேயும் கிளம்பலை. வீட்லயேதான் இருக்கு. ரொட்டிப் பேச்சையே எடுக்காதீங்க" என்றார். வெகுநேரம் யோசித்தும் கலிச்சாவால் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

விடிந்ததும் ஒரு கதவைக் கழற்றி, வெந்நீரில் தேய்த்து, மேசையாக்கினார்கள். குடலில் இரண்டு விரல் அகலக் கீறல். எலும்பு சுலபமாக வந்தது. அதை விடாமல் பற்றிக்கொண்டு ஓர் ஆட்டுக்குட்டியும் வந்தது. ஈரமாக, உயிரோடு. கீறல் பெரிதாகவில்லை. புருல் அதை இருமுறை அளந்தார். "எந்தப் பாடத்துலயும் இல்லாததை என் தலையிலதான் கட்டணுமா?" என்று கலிச்சாவைத் திட்டிவிட்டு, குடலைக் கழுவித் தைத்தார். தையலை நக்காமலிருக்கக் கொண்டுபோன கழுத்துக் கூம்புக்கு வேலையே வரவில்லை. கண் விழித்த நாய்க்குக் குட்டியை நக்கவே நேரம் போதவில்லை.

அக்தோஷ் தேறி, நாயாகவே குரைக்கத் தொடங்கியது. கோடையில் எல்லோரும் மலைக்குப் போனார்கள். ஒரு மதியம் மேட்டுப் பக்கமிருந்து ஓநாய் இறங்கியபோது அந்த ஆட்டுக்குட்டி குரைத்தது. துர்தகுன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாருடி அது குரைக்கிறது?"

பல வருஷங்களாக அவர் காதில் எந்தச் சத்தமும் விழுந்ததில்லை. கலிச்சா இரண்டு விரல்களைத் தலையில் கொம்பாக வைத்துக் காட்டினார்.

"அதுவா" என்று துர்தகுன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.