சூடேறாமல் நிறுத்தக் கூடாது

என் மனுசன் முத்துலிங்கம் மூன்று வருசத்துக்கு முன் உழவு மெசின் பார்க்கவென்று வவுனியாவுக்குப் போய், ஒரு சிவப்புக் காரோடு முத்தையன்கட்டுக்குத் திரும்பி வந்தார். வன்னி முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று கிடையாது என்று விற்றவன் சொன்னானாம். ஏன் கிடையாது என்று இவர் கேட்கவில்லை.

அதன் எஞ்சின் மற்ற எஞ்சின்களைப் போல இல்லை. பிஸ்டன் ஏறி இறங்குவதற்குப் பதிலாக, மூன்று மூலையுள்ள ஒரு இரும்பு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். ரோட்டரி எஞ்சின் என்று பெயர். பெற்றோலோடு ஒயிலையும் சேர்த்துக் குடிக்கும். குடிக்காவிட்டால்தான் அதற்கு வருத்தமாம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய வில்லங்கம் என்னவென்றால், ஒருதரம் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாகச் சூடேறும்வரை நிறுத்தக் கூடாது. முந்தி நிறுத்தினால் பெற்றோல் பிளக்கை நனைத்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றிக் காயவைக்காமல் தலைகீழாக நின்றாலும் ஸ்டார்ட் வராது. ஒருமுறை கழுவுவதற்காக நாலடி பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு, ஒரு கிழமை அதோடு மல்லுக்கட்டினார். அதற்குப் பிறகு ஒரு றாத்தல் பாண் வாங்குவதென்றாலும், சந்திக் கடையைத் தாண்டி ஒட்டுசுட்டான் வரைக்கும் ஓடி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டுதான் வருவார். வீட்டுக்கு வரும்போது மத்தியானச் சோறு ஆறிப்போயிருக்கும். பொலிஸ் மறித்தபோதுகூட, தன்னை வேண்டுமானால் கொண்டுபோகலாம், எஞ்சினை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்ட மனுசன் இவர்.

என் தமையன் நடராசாவின் வீடு அதே றோட்டில்தான், அரைக் கட்டை தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்பது வருசமாக எங்களுக்குள் நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. எங்கள் முறை நாளில் அண்ணா வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார் என்று இவர் சொல்வார். அண்ணா இல்லவே இல்லை என்பார். எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அறிய விருப்பமும் இல்லை. மகள் பிரஷாந்தினி பெரியபிள்ளையாகி, அவளின் சாமத்திய வீட்டில் தாய்மாமன் வார்க்க வேண்டிய தண்ணீரை யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வார்த்தார். அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று அழுதேன். இந்த ஆவணியில் அவளுக்குக் கலியாணம். அதிலும் அண்ணா இல்லாமல் நிற்க என்னால் முடியாது.

இந்த நேரத்தில்தான் அண்ணாவின் மாமியார் இரஞ்சிதம் செத்துப்போனா. எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபமென்றாலும் செத்தவீட்டுக்குப் போனால் அதோடு தீரும். அதற்கும் போகாவிட்டால் பிறகு ஒட்டவே ஒட்டாது. போவோம் என்று இவரிடம் கேட்டேன். தான் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டுப் படலை தாண்டுவதில்லை என்றார். நான் தனியே போய்ப் பிரயோசனமில்லை. கோபம் இவருடையது, போக வேண்டியவரும் இவர்தான்.

பன்னிரண்டு மணிக்குத்தான் பிரேதம் எடுப்பார்கள் என்று இவர் நினைத்திருந்தார். பத்தரைக்கு மாற்றிவிட்டதைப் பக்கத்து வீட்டுச் சிவரூபி எனக்குச் சொல்லியிருந்தாள். பத்தேகாலுக்கு, அவித்த நெல் காயப்போட வேண்டும், காரை முற்றத்திலிருந்து எடுங்கள் என்றேன். நாலடி எடுப்பதற்குப் பத்து நிமிசம் ஓட வேண்டுமே என்று புறுபுறுத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினார். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். இடப்பக்கம் திரும்பினால் குளக்கட்டு றோட்டு. அதில் இந்தக் காரின் வயிறு தேயும். வலப்பக்கம் மட்டும்தான் போகலாம், அண்ணா வீட்டைத் தாண்டித்தான்.

வளைவு திரும்பியதும் றோட்டு நிறையச் சனம். அண்ணா வீட்டு முற்றத்தில் பெட்டியை மூடிவிட்டார்கள். பின்னுக்குப் போவோம் என்றால் ஆட்களை ஏற்றிய ஒரு உழவு மெசின் வந்து முட்டுவதுபோல நின்றது. பிரேதம் வெளிக்கிடும்போது யாரும் எஞ்சினை ஓடவிடுவதில்லை. உழவு மெசின்காரன் உடனே நிறுத்திவிட்டான். எங்கள் கார் மட்டும் சரியாகப் படலைக்கு நேரே நின்று உறுமியது. பறையடித்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வையில், அவித்த நெல்லின் சங்கதி விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

சனத்தை விலக்கிக்கொண்டு அண்ணா வந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. எங்கள் கார் நிலத்தோடு நிலமாக இருப்பதால், இவரோடு கதைப்பதற்கு அவர் கிட்டத்தட்டக் குந்த வேண்டியிருந்தது.

“மச்சான், பெட்டி தூக்கப் போறம்,” என்றார். “நிப்பாட்டிப்போட்டு இறங்கும். ஒரு தோள் தாரும்.”

இவர் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது கிடந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“ராஜினி, இன்னும் சூடேறேல்லை.”

நான் என் பக்கக் கதவைத் திறந்தேன். இவர் திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். நின்றிருந்தவர்களுக்கு அது ஒரு கார் நின்ற சத்தம், அவ்வளவுதான். இவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். இறங்கி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், அண்ணாவுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தார். நான் உள்ளே போய் அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதேன். இரஞ்சிதம் மாமிக்கு என்று அழுதது அதில் கொஞ்சம்தான்.

இவர் சுடலையால் திரும்பி வந்து பார்த்தபோது கார் ஸ்டார்ட் வரவில்லை. நாலு பேர் தள்ளி அண்ணாவின் மாமரத்துக்குக் கீழே விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து இவர் காலையில் காரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார், பொழுதுபட வருவார். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். ஒருநாள் அண்ணாவோடு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்குச் சாமான் வாங்கப் போனதாகச் சொன்னார். ஐந்தாம் நாள், கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இது லேசிலை சரிவராது,” என்றார். “எட்டு முடியிற வரைக்கும் இழுக்கும்போலை.”

ஓம் என்றேன். பிளக் கழற்றும் ஸ்பானர் எங்கள் மேசையில்தான் கிடந்தது. இவர் வெளிக்கிட்ட பிறகு, அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.