றெக்ஸ் சொன்ன றஷ்யப் பாட்டு

றெக்ஸ் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே மகா மடத்தனமானது அதுதான். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். லெனின்கிராட்டில் பிறந்து வளர்ந்த ஸினாயிதா பாவ்லொவ்னாவிடமா சொல்வது?

1994இல், ஜெர்மனியின் டிரெஸ்டனில் அவள் நடத்திய பாலே வகுப்புக்குப் பியானோ வாசிக்கப் போன முதல் நாள். மன்னாரில் மாதா கோயில் ஓர்கன் வாசித்துப் பழகிய கை அவனுடையது. முழங்காலை மெல்ல மடக்கும் முதல் பயிற்சிக்கு ஆறுதலான இசை வேண்டுமென்று கிழவி தடியால் தரையைத் தட்டினாள். பதற்றத்தில் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரில் செபமாலை முடியப் பாடும் மாதா பாட்டை வாசித்துவிட்டான்.

"இது என்ன பாட்டு?"

வேலை போய்விடுமே என்ற பயத்தில், "றஷ்ய நாட்டுப் பாடல்" என்றான்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "நல்லது. திரும்ப வாசி."

பன்னிரண்டு வருடம் தினமும் அதே பாட்டுத்தான். முழங்கால் உடைந்து இளவயதிலேயே மேடையை இழந்தவள் அவள். பிள்ளைகளின் முழங்காலைத் தன் கண்போலக் காத்தாள். அவசரப்பட்டவர்களைத் திட்டி அழவைத்தாள். அழுதவர்களுக்கு அப்பிள் நறுக்கிக் கொடுத்தாள். அவளிடம் படித்தவர்கள் இன்று வியன்னாவிலும் ஒஸ்லோவிலும் அந்தப் பாட்டோடுதான் வகுப்பைத் தொடங்குகிறார்கள்.

இந்த மாரிக் குளிரில் அவள் கண்ணை மூடினாள். அவளுடைய பயிற்சிகளைப் புத்தகமாக்க முனைந்த பள்ளியின் புதிய இயக்குநர் கிறூகர் அம்மையார், "அந்தப் பாட்டை எழுதித் தாருங்கள், முதல் பக்கத்தில் போட வேண்டும்" என்று றெக்ஸிடம் கேட்டார். பிறகு தருவதாகச் சொல்லி நழுவினான்.

வீட்டில் மனைவி எவ்லின் பொரிந்து தள்ளினாள். "விசரே உங்களுக்கு? மாதாவின்ர பாட்டை றஷ்யப் பாட்டெண்டு அச்சடிக்க விடப்போறியளோ?"

"சொன்னா வேலை போயிடுமப்பா."

"போனாப் போகட்டும். நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னான். கிறூகர் அம்மையார் கிழவியின் குறிப்பேட்டைத் திறந்தார். கிழக்கு ஜெர்மனிப் பள்ளியில் றஷ்ய மொழி படித்தவர் அவர். நிதானமாக மொழிபெயர்த்து வாசித்தார்:

"முதற் பயிற்சி, றெக்ஸின் பாட்டு. றஷ்யப் பாட்டு என்கிறான். எங்களிடம் இவ்வளவு பொறுமையான பாட்டுக் கிடையாது. அவனிடம் விசாரிக்காதீர்கள், பயப்படுவான். பாட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்."

"விசாரிக்காதீர்கள் என்று எழுதியிருந்தார், அதனால்தான் நான் கேட்கவில்லை" என்றபடி பென்சிலை எடுத்தார் அம்மையார். "இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்த ஊர்ப் பாட்டு?"

றெக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னார் என்பதை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.