மூன்றாம் வளைவில் மஞ்சள் கொடி

இருபத்திரண்டு வருடம் ஆடு மேய்ந்த பந்தயத் தளத்துக்குப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். பெயிண்டுக்கும் குறைச்சல் இல்லை. கழிவறைக் கதவில்கூடக் கறுப்பு வெள்ளைக் கட்டம். பழைய ஆள் ஒருத்தராவது வேண்டும் என்று என்னைத் தேடிப்பிடித்து, அதே மூன்றாம் வளைவில் கொடி பிடிக்கச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அக்கா வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். பைக்குகளின் பிரேக்கைச் சோதித்து அனுப்ப அத்தானைவிட்டால் ஆள் கிடையாது. அவர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். கடைசிப் பந்தயத்தில் அந்த வளைவில்தான் என் தம்பி செத்தான். வண்டி அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. அத்தான் கைவைத்த பிரேக் பிடிக்கவில்லை என்று விசாரணையில் எழுதி, தளத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள். பாவம், அவரும் அதை நம்பிவிட்டார். அன்றிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறாரே தவிர, ஒரு சைக்கிள் பிரேக்கைக்கூடத் தொடுவதில்லை.

நடந்தது வேறு. வளைவில் எண்ணெய் சிந்தியிருந்தது. நான் பார்த்தேன். மஞ்சள் கொடியைத் தூக்கிவிட்டால் யாரும் யாரையும் முந்தக்கூடாது. தம்பியோ முதல் வண்டியை ஒட்டி வந்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறை. முந்திவிட்டுப் போகட்டும், அப்புறம் தூக்கலாம் என்று கொடியை இறக்கியே வைத்திருந்தேன். முந்தினான். எண்ணெயில் சறுக்கினான். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

நேற்று அவருடைய பஞ்சர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த அத்தான் நிமிரவில்லை.

"இத்தன வருஷமா இத மென்னு முழுங்கிட்டா இருந்த, மாப்ள?"

"ஆமா அத்தான்."

"உங்கக்கா என் முகத்தப் பாத்துப் பேசி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு?"

அத்தான் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினார்.

"போ. அவகிட்டயும் நீயே சொல்லு."

சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று முதல் பயிற்சிச் சுற்று. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அத்தான் வந்து நின்றார். வண்டிகள் வளைவுக்குள் வந்தபோது வேலியோரம் இருந்த அத்தனை தலையும் அவற்றோடு திரும்பியது. அத்தான் திரும்பவில்லை. கொடி பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.