அம்சா கொண்டுவந்த பாட்டில்

காலையிலிருந்து முப்பத்தெட்டு பாட்டில்கள். மொய்னுதீனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷமாக அவருக்கு இதே வேலைதான். நோயாளியின் சிறுநீரில் திராவகம் விட வேண்டும். மாத்திரையின் மருந்தும், உடம்பு அதை உடைத்துத் தள்ளிய மிச்சமும் இருந்தால் ஆரஞ்சு நிறம் வரும். முழுங்காதவர் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வந்த அம்சாவுடையது. தேமல் பரவுகிறது, மாத்திரையைத் தூக்கி எறிகிறாளோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நிறம் வராவிட்டால் இன்றே வார்டில் சேர்க்க உத்தரவு. வீட்டிலோ இரண்டு குழந்தைகள்.

நல்ல ஆரஞ்சாகவே வந்தது.

"பொழச்சேம்மா. மருந்து ஒழுங்கா உள்ள போவுது. வூட்டுக்குப் போலாம்."

அம்சா சிரிக்கவில்லை. கண்ணாடிக் குழாயையே வெறித்தாள்.

"சார், மாத்திர துன்னாதவங்களுக்கும் இந்தக் கலரு வருமா?"

"எப்படி வரும்? இன்னாம்மா கேள்வி இது?"

"அது என்னுது இல்ல சார்." குரல் இறங்கிற்று. "திருக்கழுக்குன்றத்துல பஸ்ஸு தூக்கிப் போட்டுச்சு, மூடி தொறந்து எல்லாம் கொட்டிப்பூச்சு. வெறும் பாட்டில் எடுத்தாந்தா மாத்திர துன்னலன்னு எழுதிடுவீங்களேன்னு, கூட வந்த எங்க வூட்டுக்காரர ரொப்பச் சொன்னேன்."

மொய்னுதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேசாமல் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நோய் முற்றி அவள் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டாம்.

"கூப்புடு அந்த ஆள."

புருஷன் சடையப்பன் வாசற்படியிலேயே நின்றான். "ஒரே வூட்ல கீறோம் சார். எனக்கும் தொத்திக்குமோன்னு பயம். மாத்திர வாங்கியாறது நான்தான். முக்கால ஒடச்சி நான் துன்னுகினு, மீதிய அவளுக்கு..."

"அடப்பாவி! டாக்டரே கால் மாத்திரதான் துன்னச் சொன்னாருன்னியேயா!"

மொய்னுதீனுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அவளிடம் புது பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். அவளுடையதில் நிறம் வெளுத்துத்தான் வந்தது.

"நடந்ததை அப்படியே எழுதறேன். இனிமே முழுசா துன்றேன்னு சொல்லு. டாக்டரு வூட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவாரு."

"வாணாம் சார். வார்டுலயே போடச் சொல்லுங்க. அங்க என் கையில குடுப்பாங்க இல்ல?" புருஷன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "புள்ளைங்களுக்கு சோறு பொங்கிப் போடு."

"எனக்குப் பொங்கத் தெரியாதே, அம்சா..."

"மாத்திர ஒடைக்க மட்டும் தெரிஞ்சுதா?" என்றபடி அவள் வார்டுப் பக்கம் நடந்தாள்.