போன் உபவாசம்

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அவனுடைய சபைக்கு மூளை போய்விட்டது. இரண்டில் எது முதலில் போனது என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

சபை என்றால் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் ஹால். படி ஏறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைப் பிடுங்கும். உள்ளே போனால் மேடை, மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. அந்த உறைகளை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது என் சலவைக் கடை. நான் பழைய கோவிலுக்குப் போகிறவள். பாட்டைப் பார்த்துப் பாடுவேன், பிரசங்கத்தில் கொஞ்சம் கண் அசருவேன், வீட்டுக்கு வந்து உலை வைப்பேன். அதனால் இவர்கள் பார்வையில் நான் இரட்சிப்பு இல்லாத உலகத்தாள். அழுக்கு உறையை வெளுக்க மட்டும் உலகத்தாளின் கை ஆகும்.

அங்கே மேய்ப்பராக இருப்பவருக்கு நான் வைத்த பெயர் தயவு பாஸ்டர். வாயைத் திறந்தால் தயவுதான். கார் நிறுத்த இடம் கிடைத்தால் தேவ தயவு. சிக்னல் பச்சையாக இருந்தால் தேவ தயவு. அந்தப் பக்கம் சிவப்பில் நின்றவர்கள் எல்லாம் என்ன பாவம் செய்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிறவர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள்.

என் தம்பி கேட்காத ஜாதி. சாவி வெட்டும் கடை வைத்திருந்தான். தொலைந்த சாவியைப் பற்றி நீங்கள் சொல்வதை வைத்தே பாதி வெட்டிவிடுவான், அவ்வளவு கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் படிக்குக் கீழேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஹாலுக்குள் போவான். உடம்பு ஊதிப்போய், வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஆனபிறகு இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசையில் அவன் பெயர் இருந்தது. பொருந்துகிற சிறுநீரகம் கிடைத்தால் போன் செய்வார்கள், உடனே ஓட வேண்டும். எடுக்காவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு போன்தான் அவன் உயிர். சபையும் அதற்காகத்தான் வாராவாரம் கையைத் தூக்கிக் கதறியது: "அந்த அழைப்பு வரணும் ஆண்டவரே!"

ஆஸ்பத்திரியில் மூன்று நம்பர் கேட்டார்கள். தன்னுடையது, மனைவியுடையது, மூன்றாவதாகத் தயவு பாஸ்டருடையது. கூடப்பிறந்தவள், பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவள், என் நம்பர் ஆகவில்லை. ஏன்டா என்று கேட்டேன்.

"அவர் ஆவிக்குரிய தகப்பன்க்கா," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த லட்சணத்தில்தான் மூன்று நாள் மாலைக் கூட்டம் வைத்தார்கள். தேவ தயவைப் பெறுவது எப்படி? முதல் நாள் கீழ்ப்படிதல், இரண்டாம் நாள் விசுவாசம், மூன்றாம் நாள் ஞானம். ஞானத்தைக் கடைசிக்குத் தள்ளியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் பாஸ்டருக்கு ஒரு வெளிப்பாடு வந்தது. போன் உபவாசம். கூட்டம் முடியும்வரை, மூன்று நாளும், எல்லாரும் போனை அணைத்துச் சபை பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சோற்றை விடச் சொன்னால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். போன்தானே என்று வரிசையில் நின்று வைத்தார்கள். என் தம்பி மனைவி மட்டும் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"பாஸ்டர், ஆஸ்பத்திரில கூப்பிட்டா என்ன பண்றது?"

"ஏம்மா, கர்த்தர் பேசறதுக்கு டவர் வேணுமா?" என்றாராம் மைக்கிலேயே. ஹால் முழுக்கச் சிரிப்பு. "என் நம்பரும் குடுத்திருக்கீங்கல்ல? மேய்ப்பன் போன் ஆன்லதான் இருக்கும். கீழ்ப்படிங்க, தயவைப் பாருங்க."

அவள் வைத்துவிட்டாள். இவன் அவளுக்கு முன்பே வைத்துவிட்டிருந்தான்.

மறுநாள் மாலை வெளுத்த மேடைத் திரைகளை எடுத்துக்கொண்டு போனேன். விசுவாசத்தின் நாள். கூட்டம் முடிந்துதான் திரையை மாட்ட முடியும் என்பதால் மேடைக்குப் பக்கத்தில் மூட்டையோடு நின்றேன். என் தம்பியை முன்னால் முழங்காலில் நிறுத்தி, தலையில் கைவைத்து, பாஸ்டர் முழங்கிக்கொண்டிருந்தார். அப்போது அவர் சட்டைப்பையில் வெளிச்சம் மினுங்கியது. ஒரு கை தம்பியின் தலையில் இருக்க, மறு கையால் போனை எடுத்து, ஓரக்கண்ணால் பார்த்து, அழைப்பை வெட்டினார். மறுபடி மினுங்கியது, மறுபடி வெட்டினார். மூன்றாம் தடவை அணைத்தே போட்டுவிட்டார். வாய் மட்டும் நிற்கவில்லை: "அந்த அழைப்பு இப்பவே வருவதாக!" பெரிய மனுஷனுக்கு யார் யாரோ கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். திரையை மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஞானத்தைப் பற்றிப் பேசினாராம். நன்றாக இருந்ததாம்.

அதற்கடுத்த நாள் டயாலிசிஸுக்கு நான்தான் தம்பியைக் கூட்டிப்போனேன். ஊசி குத்தும்போதே நர்ஸ் பொரிந்து தள்ளினாள்.

"முந்தாநேத்து சாயந்திரம் எங்கதான் போனீங்க? ரெண்டு போனும் ஆஃப். மூணாவது நம்பர் கட் பண்ணிக்கிட்டே இருக்கு. உங்களுக்கு அப்படியே பொருந்தியிருந்துச்சு. டாக்டர் எவ்வளவு நேரம் பார்த்தாரு தெரியுமா?"

தம்பி ரத்தம் ஓடும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேற யாருக்கோ வச்சுட்டாங்களா?"

"ஆமா."

"அவங்க நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க."

"சரி," என்றான்.

அந்த 'சரி'யைக் கேட்டதும் அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அறையமுடியாமல் வெளியே போய் அழுதேன்.

சனிக்கிழமை பாஸ்டர் தம்பி வீட்டுக்கு வந்தார், நானும் அங்கே இருந்தேன். வெட்கமா, வருத்தமா, ஒன்றும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்தார்.

"தெரியாத நம்பர் சகோதரி. எடுத்தா லோன் வேணுமான்னு கேப்பான். அதுவும் ஜெபத்துல இருக்கும்போது எப்படி எடுக்கறது?" என்றார் தம்பி மனைவியிடம்.

"என்ன ஜெபம் பண்ணிட்டு இருந்தீங்க?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியைப் பார்த்து, "கர்த்தர் இதைவிட நல்ல கிட்னியா வச்சிருக்கார். இது விசுவாசத்துக்கு வந்த சோதனை. நாளைக்கு எழுந்து ஒரு சாட்சி சொல்லுங்க. நஷ்டம் வந்தாலும் கீழ்ப்படிஞ்சேன்னு சொல்லுங்க, சபைக்குப் பெரிய ஆசீர்வாதமா இருக்கும்," என்றார்.

தம்பி தலையாட்டினான். அவனும் ஒரு மனுஷன், அவனுக்கும் ஒரு தலை என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் படி ஏற ஒரு ஆள் வேண்டுமே.

மைக்கைக் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். எல்லாரும் கண்ணைத் துடைக்கத் தயாராக இருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா எனக்காக ஜெபம் பண்ணீங்க. ரொம்ப நன்றி," என்றான். "கர்த்தர் கேட்டுட்டாரு. கேட்ட மாதிரியே கூப்பிட்டாரு. என் போனுக்கு அடிச்சாரு, என் வீட்டுக்காரி போனுக்கு அடிச்சாரு, பாஸ்டர் போனுக்கு மூணு தடவை அடிச்சாரு. நாம யாரும் எடுக்கல. ஜெபத்துல இருந்தோம்."

"ஆமென்," என்றார் பாஸ்டர், பழக்கதோஷத்தில்.

"ஆமென்!" என்றது ஹால் முழுக்க.

அவன் மைக்கை நாற்காலி மேல் வைத்துவிட்டு என்னைத் தேடி வந்தான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்றான். அவன் மனைவி பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். டயர் கடை வாசலில் நின்று, "அக்கா, ஆஸ்பத்திரில உன் நம்பரைக் குடுத்துடறேன்," என்றான். "நீ எடுப்பியா?"

"குளிச்சுக்கிட்டு இருந்தாலும் எடுப்பேன்டா."

"ஜெபம் பண்ணிட்டு இருந்தா?"

"அப்பவும்."

இப்போது முழங்காலில் நிற்கும்போதெல்லாம் போனை முன்னால் வைத்துக்கொள்கிறேன். மணி அடித்தால் ஆண்டவரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார். இதுவரை நாலைந்து தடவை அடித்திருக்கிறது. லோன் வேணுமா என்று கேட்டார்கள்.