கொடி இறங்கிய பிறகும் ஊதியவர்

அந்த ராணுவ முகாமில் மாலையில் கொடி இறக்கப் பியூகிள் கொம்பு ஊதினால் எல்லாமே நின்றுவிடும். சிப்பாய்கள் விறைப்பாக நிற்பது எந்த முகாமிலும் உண்டு. இங்கே குழாய்த் தண்ணீரும் நின்றது. எறிந்த பந்து அந்தரத்தில் நின்றது, பொங்கிய பால் பாத்திர விளிம்பில் நின்றது, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வலி நின்றது. கம்பத்தடியில் ஊதுபவரும் கொடியை இறக்குபவரும் மட்டும் அசையலாம். முள்கம்பி வேலிக்கு வெளியே இதெல்லாம் கிடையாது. பஸ் பாட்டுக்கு ஓடும். மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு, தண்ணீர் எப்போது வரும், துணி எங்கே காயப்போடலாம் என்பதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுவார்கள்.

லாரி டிரைவரின் மகளுக்கு வாலு என்றுதான் பெயர் நிலைத்திருந்தது. ஊதும் நேரம் பார்த்துச் சுவரிலிருந்து குதித்து அந்தரத்தில் தொங்குவதை குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஊதுபவர் பக்கத்து வீட்டுக்காரர், தனிக்கட்டை. வாலுவின் அம்மா அவரைச் சும்மா விடமாட்டாள். "அண்ணே, அடுப்புல பால் வச்சிருக்கேன். சீக்கிரம் போய் ஊதுங்க" என்பாள். "நான் கொடிக்கு ஊதுறேனா, உன் அடுப்புக்கு ஊதுறேனா தங்கச்சி?" என்பார். "ரெண்டும் இறங்க வேண்டியதுதானே!"

அம்மா நோயில் விழுந்து முகாம் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அப்பா மலைச் சாவடிகளுக்குச் சாமான் ஏற்றிப் போயிருந்தார். தகவல் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். எவ்வளவு விரட்டினாலும் இருட்டிய பிறகுதான் வந்து சேர முடியும். பொழுது சாயும்வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பார்க்க வந்த ஊதுபவரிடம் அம்மா, "அவரு முகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்ணே" என்றாள். அவர் கட்டிலருகே இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். வாலுவை வராந்தாவுக்கு அழைத்து, "நீ கேட்டுக்கு வெளிய போய் நில்லு. உள்ள இருந்தா உனக்கும் கால் நகராது. அப்பாவைப் பாத்ததும் இழுத்துட்டு வா" என்றார்.

அன்று கொடி இறங்கியது. மடித்தும் ஆயிற்று. அவர் நிறுத்தவில்லை. கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதியபடியே இருந்தார். வெளியே இருட்டி, கடைகளில் விளக்குப் போட்டார்கள். வேலிக்குள் மட்டும் மஞ்சள் வெயில் தரையில் கிடந்தது. காவல்காரர் பாதிக் கொட்டாவியில் நின்றார். அத்தனை மூச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அன்று முகாமுக்குள் ஓர் இலையும் ஆடவில்லை.

லாரி வந்தது. ஆனால் கேட்டுக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது. அப்பா இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, கம்பம் இருந்த திசை பார்த்து விறைப்பாக நின்றார். வேலிக்கு வெளியே அவரை எதுவும் பிடித்து வைக்கவில்லை. பழக்கம்தான். பணியில் சேர்ந்த நாள் முதல் பியூகிள் சத்தத்தில் அவர் ஓரடி எடுத்துவைத்ததில்லை.

வாலு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாங்கப்பா!"

அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இரு. ஊதி முடிக்கட்டும்."

"முடிச்சா அம்மா போயிடுவாங்கப்பா! உங்களுக்காகத்தான் மாமா ஊதிட்டே இருக்காரு. நீங்க உள்ள வந்தாத்தான் நிறுத்துவாரு!"

பியூகிள் சத்தம் முதல் முறையாக நடுங்கியது. அப்பாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கால் அசையவில்லை. வாலு பின்னால் போய், கிளம்பாத லாரியைத் தள்ளுவதுபோல முதுகில் தலையை முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். ஒரு கால் நகர்ந்தது. இன்னொரு கால் நகர்ந்தது. பிறகு அவர் ஓடினார். கேட்டைத் தாண்டியதுமே, தூக்கிய கால் தூக்கியபடி இருவரும் நின்றுபோனார்கள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த ஊதுபவர் உதட்டிலிருந்து பியூகிளை எடுத்தார்.

முகாமில் பொத்தென்று இருட்டு விழுந்தது. அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது அம்மா விழித்திருந்தாள். "தொப்பியைக் கழட்டுங்க, முகமே தெரியல" என்றாள். கழற்றினார். பார்த்தாள். டாக்டர் சொன்னதற்கு மேல் விடியும்வரை இருந்தாள். மூவரும் பேசி முடித்தார்கள்.

அந்த ஊதல் முழுக்கப் பாதித் தும்மலில் மாட்டியிருந்த கமாண்டர் மறுநாள் ஊதுபவரைக் கூப்பிட்டார். "என் மூக்கு இன்னும் வலிக்குதுய்யா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. உதடு ஆறும்வரை விடுப்புக் கொடுத்து அனுப்பினார். அந்த ஓர் ஊதலின் நீளத்துக்கு முகாமின் கடிகாரங்கள் ஊரைவிடப் பின்தங்கியிருந்தன. அவற்றைத் திருத்த வேண்டாம் என்று உத்தரவு போட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் திருத்தவில்லை. வெளியே கடைக்காரர்கள் முகாம் ஆட்களுக்காகக் கதவைப் பாதி சாத்திக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

வாலு வளர்ந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போனாள். அவள் கையில் கட்டியிருப்பது முகாம் நேரம்தான். ரயில் போய்விட்டால் அடுத்த ரயிலில் போகிறாள்.